ரேஷன் இல்லாத வாய்

மெங் தெஹாய் வீட்டு ரேஷன் புத்தகத்தில் ஏழு பெயர்கள் இருந்தன. சுரங்கத்தில் இறங்கி நிலக்கரி வெட்டும் மெங் ஒருவர், மீதி ஆறும் அவர் பெற்ற பிள்ளைகள். எட்டாவதாக ஒரு பெயர் இருந்தது. அவர் பெண்டாட்டி நெஞ்சு நோயில் செத்த மறு வாரமே அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். செத்தவள் பெயரை அடிக்க ஒரு வாரம் போதும். வந்தவள் பெயரைச் சேர்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டால் மட்டும் யாருக்கும் பதில் தெரியாது. யாரை நொந்து என்ன பயன்!

வந்தவள் பெயர் யுன்பி. எழுபத்து நான்காம் வருஷம், முதல் பனி விழுந்த வாரத்தில், தெற்கே சிச்சுவான் மலையிலிருந்து ஐந்து நாள் ரயிலில் உட்கார்ந்தபடியே வடக்கே இந்தச் சுரங்க ஊருக்கு வந்து இறங்கினாள். இருபத்தெட்டு வயது. புருஷனை ஆற்று வெள்ளத்தில் பறிகொடுத்தவள், பிள்ளை கிடையாது. அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவள் தின்பதை, அண்ணி கவளத்துக்குக் கவளம் எண்ணிக்கொண்டிருந்தாள். மெங்கோடு சுரங்கத்தில் வேலை பார்த்த அவள் ஊர்க்காரன் ஒருவன் கடிதம் எழுதி ஏற்பாடு செய்த சம்பந்தம் இது. அலுவலகத்தில் ஒரு தாளில் கையெழுத்து, வந்திருந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மிட்டாய், முடிந்தது கல்யாணம்.

ஆனால் பட்டிக்காட்டுப் புத்தகத்தில் இருக்கிற பெயரை நகரத்துப் புத்தகத்துக்கு மாற்ற முடியாது. பெயர் எந்த ஊரிலோ, தானியமும் அந்த ஊரில்தான். ஆக ஏழு பேருக்கு அளந்ததை எட்டுப் பேர் தின்ன வேண்டும். அதற்கு என்ன வழி என்று யுன்பி கேட்டபோது, "போகப் போகப் பார்த்துக்கலாம்" என்றார் மெங். நல்ல மனிதர், ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் வீடே பற்றி எரிந்தாலும் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

அவருக்கும் சேர்த்துக் கவலைப்பட வீட்டில் ஒருத்தி இருந்தாள். மூத்தவள் ஃபெங்லான், வயது பதினைந்து. அம்மா செத்ததிலிருந்து மாவுப் பானை அவள் பொறுப்பு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஐந்து தம்பி தங்கைகளுக்கும் அப்பாவுக்கும் அவளே பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு வீட்டில் பெயர் சொல்லும் வழக்கமே இல்லை, எண்தான். இரண்டாவது, மூன்றாவது என்று போய் ஆறாவதில் முடியும். அது மூன்று வயதுக் குட்டி.

யுன்பி மூட்டையை இறக்கி வைத்ததும் ஃபெங்லான் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாசா மாசம் இருபத்தஞ்சாம் தேதிதான் ரேஷன் போடுவாங்க. இன்னிக்குத் தேதி எட்டு. அதுக்குள்ள பானையில அடி தெரிஞ்சுதுன்னா நீ கிளம்பிடணும். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"போகப் போகப் பார்த்துக்கலாம்னாரு."

யுன்பிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். போவதற்கு அவளுக்கு ஓர் இடம் இருந்தால்தானே கிளம்புவதற்கு? அண்ணன் கொடுத்தனுப்பிய ரயில் செலவே, இனி திரும்பி வராதே என்று சொல்லாமல் சொன்னதுதான்.

"இந்தா," என்றாள் ஃபெங்லான். சித்தி என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை, கடைசிவரை 'இந்தா'தான். "நீ சமைக்கத்தானே வந்தே? சமை."

அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு நெருப்புதான். செங்கல் அடுப்பில் பதித்த பெரிய இரும்புச் சட்டி. அடியில் எரிகிற சூடு புகையோடு போய், பக்கத்து அறையில் எல்லோரும் படுக்கிற செங்கல் மேடையைச் சூடாக்கும். விறகை இரண்டு தரம் எரிக்க யாருக்கு வசதி? அதனால் சட்டியின் அடியில் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் குழம்பாகக் கொதிக்கும். அதற்கு மேலே, சட்டியின் உட்சுவரில் மக்காச்சோள மாவை அடையாகத் தட்டி ஒட்டிவிடுவார்கள். மூடியைப் போட்டால் அடை மேலே ஆவியில் வேகும், சட்டியில் ஒட்டிய பக்கம் பொன்னிறமாகக் காந்தும். குழம்பும் அடையும் ஒன்றாக இறங்கும். மீந்த அடை மறுநாள் சுரங்கத்துக்குப் போகும்.

யுன்பி இதைக் கேள்விப்பட்டிருந்தாள், பார்த்ததில்லை. கோஸை நறுக்கிப் போட்டாள், உப்புப் போட்டாள், மாவைப் பிசைந்தாள். கையை நனைத்துக்கொண்டு பதினெட்டு அடைகளை வரிசையாகத் தட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூடியைப் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

சட்டி போதுமான அளவு காயவில்லை. குழம்பு தளதளவென்று கொதித்து, சட்டியின் சுவர் சுரீரென்று சுடும்போதுதான் அடை தட்ட வேண்டும். அந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஃபெங்லான் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். 'கொஞ்சம் பொறு' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் சொல்லவில்லை.

மூடியைத் திறந்தபோது சுவரில் ஓர் அடைகூட இல்லை. பதினெட்டும் வழுக்கி உள்ளே விழுந்து, கரைந்து, சட்டி நிறைய மஞ்சள் சேறு.

"அடை எங்க?" என்றான் எட்டு வயது மூன்றாவது.

"குளிக்கப் போயிருக்கு," என்றாள் நாலாவது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஃபெங்லான் மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டு நாள் மாவு! நாளைக்கு அப்பா என்னத்தை எடுத்துட்டுக் கீழே இறங்குவாரு? இதைத் துண்டுல கட்டிட்டுப் போவாரா?"

யுன்பிக்குக் காது மடல் சுட்டது. மாவு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மெங் அந்தச் சேற்றை இரண்டு கிண்ணம் குடித்தார், "கதகதன்னு இருக்கு" என்றார், மறுநாள் இரண்டு அவித்த உருளைக்கிழங்கோடு சுரங்கத்துக்குப் போனார். அன்றைக்கு மத்தியானம் ஃபெங்லான் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ வெளியே போனாள். அம்மாவின் சமாதிக்குப் போயிருப்பாள், பாவம், என்று யுன்பி நினைத்துக்கொண்டாள்.

யுன்பி அந்தத் தெருவில் வந்து இறங்கிய அன்றே அவளைப் பயமுறுத்த எல்லோரும் சொன்ன பெயர் ஒன்று உண்டு. தெருக் கமிட்டித் தலைவி குவான் பெரியம்மா. அறுபது வயது, ஆள் பீப்பாய் மாதிரி, குரல் அதைவிடப் பெரிது. பதிவில்லாமல் யார் வந்து தங்கினாலும் மோப்பம் பிடித்துவிடுவாராம். போன குளிர்காலத்தில் மட்டும் இரண்டு பேரைக் கையோடு அழைத்துப் போய் ரயிலேற்றிவிட்டாராம். அதனால் யுன்பி தண்ணீர் எடுக்கப் போனாலும் முக்காடு போட்டுக்கொண்டுதான் போனாள், வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தெற்கத்திப் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் வாயைத் திறக்காமல் வயிற்றை நிரப்ப முடியுமா? மூன்றாம் நாள் காலை பானைக்குள் எட்டிப் பார்த்தாள். இருக்கிற மாவு எப்படி இழுத்தாலும் பத்து நாள் தாங்காது. பிள்ளைகள் ஆறும் தின்கிற வயசு. குழம்பைக் குடித்துவிட்டு, கிண்ணத்தை நக்கிவிட்டு, அடுத்தவன் கிண்ணத்தைப் பார்க்கிற பிள்ளைகள். அந்தப் பார்வையை யுன்பியால் தாங்க முடியவில்லை.

தெருக்கோடியில் சோயா மொச்சையை அரைத்துப் பாலெடுத்து டோஃபுக் கட்டி போடுகிற கூடம் ஒன்று இருந்தது. டோஃபுவுக்கு ரேஷன் சீட்டு வேண்டும். ஆனால் பாலைப் பிழிந்தபின் மிஞ்சுகிற சக்கைக்குச் சீட்டு வேண்டாம். ஒரு பெரிய தட்டு இரண்டு ஃபென் காசு, பன்றி வளர்க்கிறவர்கள் வாங்கிப் போவார்கள். விடிந்ததும் யுன்பி போய் வரிசையில் நின்றாள்.

"எத்தனை பன்னி?" என்று கேட்டான் கூடத்துக்காரன்.

யுன்பி ஒரு நொடி யோசித்தாள். "ஆறு."

"ஆறா! எல்லாம் நல்லாத் தின்னுதா?"

"அதை ஏன் கேக்குறீங்க! தொட்டியையே கடிச்சிடும்போல இருக்கு."

அவன் பரிதாபப்பட்டு இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டான். வருகிற வழியெல்லாம் யுன்பி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

இந்தச் சக்கை அவளுக்கு அத்துப்படி. அவள் பிறந்த மலையில் சோயாவைப் பிழிந்து டோஃபு தின்கிறவர்கள் பண்ணையார்கள். மற்றவர்கள் சக்கையைத் தின்று வளர்ந்தவர்கள். முதலில் வெறும் சட்டியில் போட்டுப் பச்சை வாடை போகிறவரை வறுக்க வேண்டும். அதில் அவசரப்பட்டால் வயிற்றைக் கலக்கும். கை ஓய்ந்து போகும், பரவாயில்லை என்று கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல வாசனை வந்ததும், எல்லோரும் தூக்கி எறிகிற கோஸின் வெளி இலை, முள்ளங்கித் தழை எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் போட்டு, ஊறுகாய் ஜாடியின் புளித்த தண்ணீரை ஊற்றி, இரண்டு கை மாவைத் தூவிக் கிண்டினால் சட்டி நிறையத் தளதளவென்று கெட்டிக் கூட்டு. கடைசியில் அவள் ஊரிலிருந்து முடிந்துகொண்டு வந்த மிளகாயும், நாக்கை மரக்க வைக்கிற அந்த ஊர் மிளகும் ஒரு சிட்டிகை. இதற்கிடையில் அடை தட்டவும் பழகிவிட்டாள். விரல் நுனிகள் நான்கு கொப்பளித்தபின் சட்டி எப்போது காய்கிறது என்று கையே சொல்லிவிட்டது. முன்பு பதினெட்டு அடை தட்டிய இடத்தில் இப்போது எட்டு போதும்.

மூன்றாவது முதல் கவளத்தை வாயில் போட்டுவிட்டு நாக்கை வெளியே நீட்டினான். "ஐயோ, நாக்கு தூங்கிப் போச்சு!"

"நல்லதாப் போச்சு, ஒரு நேரம் நிம்மதியா இருக்கும்," என்றாள் நாலாவது, இரண்டாம் கிண்ணத்தை நீட்டியபடி.

ஃபெங்லான் கிண்ணத்தைத் தொடவில்லை. சட்டியை முகர்ந்தாள்.

"இது டோஃபுக் கூடத்துச் சக்கைதானே? பன்னிக்குப் போடறதை எங்களுக்குப் போடறியா?"

"பன்னி கொழுகொழுன்னுதானே இருக்கு," என்றாள் யுன்பி. "அதைத் தின்னுதான் அப்படி இருக்கு. வறுக்காம திங்கறது அதோட தலையெழுத்து."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஃபெங்லான் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் வெறும் அடையைக் கடித்துத் தண்ணீர் குடித்தாள். வீம்பு! அந்த வயதில் வேறு என்ன சொத்து இருக்கிறது, வீம்பைத் தவிர?

மூன்றாம் நாள் மாலை யுன்பி கொல்லையிலிருந்து விறகோடு வந்தபோது, சமையலறையில் ஃபெங்லான் சட்டிக்குள் தலையை விட்டபடி, ஒட்டிக்கொண்டிருந்த கூட்டைக் கரண்டியால் சுரண்டி அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தாள். உதட்டோரம், மூக்கு நுனி எல்லாம் கூட்டு. யுன்பி சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தாள். வெளியே போய் ஒரு வாளியை வேண்டுமென்றே உதைத்துவிட்டு, "யாருடா வாளியை வழியில வச்சது?" என்று கத்திக்கொண்டே வந்தாள். ஃபெங்லான் அப்போது வாயைத் துடைத்துக்கொண்டு தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து யுன்பி சட்டியில் கொஞ்சம் கூடவே ஒட்டவிட்டாள்.

ஒரு வாரம் போயிற்று. தேதி பதினெட்டு. மாவுப் பானையில் இன்னும் முழங்கை ஆழம் மாவு இருந்தது. மூன்றாவதும் நாலாவதும் கிண்ணத்துக்குச் சண்டை போடுவதை விட்டிருந்தார்கள். ஆறாவது, தின்று முடித்ததும் யுன்பியின் மடியில் ஏறிப் படுத்துத் தூங்க ஆரம்பித்திருந்தது. அந்தச் சின்ன உடம்பின் கனம் மடியில் இறங்கும்போதெல்லாம் யுன்பி கால் மரத்தாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். இன்னும் ஏழே நாள். ஏழு நாள் தள்ளிவிட்டால், பேச்சு மாறாத பெண் அது, இருந்துகொள் என்று சொல்லிவிடுவாள் என்று நம்பினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மெங் சுரங்கத்தில் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சட்டியை இறக்கப் போகிற நேரம். இரண்டாவது மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"குவான் பெரியம்மா வர்றாங்க! நம்ம சந்துக்குள்ள திரும்பிட்டாங்க!"

ஃபெங்லான் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. யுன்பி அவளைப் பார்த்தாள். கோஸும் கிழங்கும் சேமித்து வைக்கும் பள்ளம் சமையலறைத் தரைக்கு அடியில்தான் இருந்தது. ஃபெங்லான் ஒரே பாய்ச்சலில் போய் அதன் பலகை மூடியைத் தூக்கினாள்.

"இறங்கு!"

"எதுக்கு? கேட்டா சொல்லிக்கலாமே, கல்யாணத் தாள்..."

"தாளு கீளு எதுவும் செல்லாது. இறங்குன்னா இறங்கேன்!" தோளைப் பிடித்துத் தள்ளியே விட்டாள். வந்த நாளிலிருந்து அந்தப் பெண் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மூடி தலைக்கு மேலே விழுந்தது. கும்மிருட்டு. கோஸ் வாடை. யுன்பி உருளைக்கிழங்குக் குவியல்மேல் குந்திக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கதவு திறந்தது. கனமான காலணிச் சத்தம் தரையை அதிர வைத்தது.

"எங்கடி உங்கப்பன்?"

"வேலைக்குப் போயிருக்காரு, பெரியம்மா."

"நல்லதாப் போச்சு. அவன்கிட்ட பேசறதும் இந்தச் சுவத்துக்கிட்ட பேசறதும் ஒண்ணுதான். ரெண்டு விஷயமா வந்தேன். ஒண்ணு, இந்த வீட்டுல பதிவில்லாத ஆள் ஒருத்தி இருக்கா. ரெண்டாவது, பதிவில்லாத பன்னி ஆறு இருக்கு."

"பன்னியா?" ஃபெங்லான் நிஜமாகவே திகைத்துப் போனாள்.

"என்கிட்ட நடிக்காதே. தினம் விடிஞ்சா ஒரு பொம்பளை முக்காடு போட்டுக்கிட்டு ஆறு பன்னிக்குச் சக்கை வாங்கிட்டுப் போறான்னு டோஃபுக் கூடத்துக்காரன் சொல்றான். எங்க கட்டி வச்சிருக்கீங்க? கொல்லையிலயா, மேடைக்கு அடியிலயா?"

மூன்றாவதின் குரல் முந்திக்கொண்டு வந்தது.

"நாங்கதான் பெரியம்மா அந்தப் பன்னி."

பள்ளத்துக்குள் யுன்பி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். போச்சு! தன் வாய்க்கொழுப்பு தன்னையே ரயிலேற்றப் போகிறது.

மேலே கிண்ணம் உரசும் சத்தம். "இதான் அந்தச் சக்கையா?" கரண்டி ஒருமுறை போய் வந்தது. "அடப்பாவிங்களா, நாக்கு மரத்துப் போச்சேடா! விஷமா?" கரண்டி மறுபடி போனது. பிறகு நிற்கவே இல்லை. கிண்ணத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம்வரை யுன்பிக்குக் கேட்டது.

"இன்னொரு கரண்டி போடு," என்றார் குவான் பெரியம்மா. "இத பாருடி, உங்கம்மா கைச்சமையல் எனக்குத் தெரியும். உன் கையும் தெரியும், உப்பைத் தவிர ஒண்ணும் தெரியாது உனக்கு. இதைச் சமைச்சவ எங்க?"

"ஊருக்குப் போயிட்டா."

"எப்போ?"

"நேத்து."

"நேத்துப் போனவ சமைச்சது இப்ப எப்படிடி கொதிச்சுக்கிட்டு இருக்கு?"

மேலே கரண்டி ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"ஃபெங்லான்." பெரியம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீதானேடி போன வாரம் என் வீட்டுக்கு வந்து நின்னே? 'ரேஷன் இல்லாத வாய் ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்திருக்கு, ரெண்டு நாள் மாவை ஒரே வேளையில கரைச்சிட்டா, தயவுபண்ணி அனுப்பிடுங்க பெரியம்மா'ன்னு அழுதே? நீ சொல்லித்தானே வந்திருக்கேன்."

வாயைப் பொத்தியிருந்த யுன்பியின் கை தானாக இறங்கியது. சமாதிக்குப் போயிருப்பாள், பாவம் என்று அவள் நினைத்த அந்த மத்தியானம். அக்கம்பக்கத்தில் எவளாவது ஒருத்தி கோள் சொல்வாள் என்று எல்லோருக்கும் பயந்து முக்காடு போட்டாளே, கடைசியில் கோள் வீட்டுக்குள்ளிருந்தே போயிருக்கிறது. அழுகைகூட வரவில்லை.

"சொன்னேன்," என்றாள் ஃபெங்லான். "அப்ப பசியில சொன்னேன் பெரியம்மா. இப்ப வயிறு நிறைஞ்சிருக்கு."

"இன்னிக்கு நிறைஞ்சிருக்கு. மாசக் கடைசியில?"

"மாசக் கடைசிக்கும் மாவு இருக்கு. வேணும்னா பானையைத் திறந்து பாருங்க. அம்மா இருந்தப்பகூட இந்தத் தேதிக்கு இவ்ளோ மாவு இருந்ததில்லை. குறைஞ்சா என் பங்குலேர்ந்து எடுத்துக்கட்டும். நான் சின்ன வயிறுக்காரி."

"பொய் சொல்றா," என்றாள் நாலாவது. "அக்காதான் நிறையத் திம்பா."

"சரி. அது கிடக்கட்டும். அந்தப் பலகை மேல ஏண்டி ஆணி அடிச்ச மாதிரி நிக்கறே?"

யுன்பிக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. ஒரு சின்னப் பெண்ணைத் தனக்காகப் பொய்மேல் பொய் சொல்ல விட்டுவிட்டுக் கிழங்குமேல் உட்கார்ந்திருப்பதா? எழுந்து மூடியை முட்டினாள். மூடி அசையவில்லை. ஃபெங்லான் அதன்மேல் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் பலமாக முட்டினாள். மேலே நிற்கிறவள் காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள்.

"நகரும்மா," என்றாள் யுன்பி கீழேயிருந்து.

"மாட்டேன்."

"மூச்சு முட்டுது."

குவான் பெரியம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பீப்பாய் உருளுகிற மாதிரி ஒரு சிரிப்பு. ஃபெங்லான் விலகினாள். யுன்பி தலையில் ஒரு கோஸ் இலையோடு எழுந்து நின்றாள். இடுப்புவரை தரைக்குள், மீதி தரைக்கு மேலே. பெரியம்மா அவளை நெடுநேரம் பார்த்தார்.

"நீதான் ஆறு பன்னிக்காரியா?"

"ஆமாங்க."

"கல்யாணத் தாளைக் காட்டு." பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "உன் பேரைப் புத்தகத்துல ஏத்த என்னால முடியாது. என்னை மிஞ்சின விஷயம். ஆனா விருந்தாளி வந்திருக்கான்னு மூணு மாசத்துக்கு எழுதலாம். மூணு மாசம் முடிஞ்சா மறுபடி மூணு மாசம் எழுதலாம், எனக்குக் கை வலிக்கிறவரைக்கும். ஆனா சோறு இவங்க பங்குலேர்ந்துதான் போகணும். அதுக்கு இவங்க சம்மதம் வேணும்." பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "என்னங்கடா?"

இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை தலையாட்டினார்கள். ஆறாவது கேள்வி புரியாமல் கையைத் தூக்கியது. ஃபெங்லான் தரையைப் பார்த்தபடி, "அதான் சொன்னேனே," என்றாள்.

பெரியம்மா மூன்று கிண்ணம் முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். போகும்போது வாசலில் நின்று, "அந்தச் சக்கையை எத்தனை நேரம் வறுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வெளியே நழுவிவிட்டார்கள். எப்போது நழுவ வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். சமையலறையில் இரண்டு பேர் மட்டும். ஃபெங்லான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"எல்லாத்தையும் கேட்டிருப்பே. நான்தான் சொன்னேன். அன்னிக்குச் சட்டி காயலைன்னும் எனக்குத் தெரியும். பார்த்துக்கிட்டே நின்னேன். அடிக்கணும்னா அடிச்சுடு."

யுன்பி பள்ளத்திலிருந்து ஏறி வந்து தரையில் உட்கார்ந்தாள். கை கால் எல்லாம் சில்லிட்டிருந்தது. இந்தப் பெண்ணிடம் கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வேறு ஒன்று வந்தது. அதை அவள் அண்ணனிடம் சொன்னதில்லை, செத்துப்போன புருஷனிடமும் சொன்னதில்லை.

"எங்க ஊருல பஞ்சம் வந்தப்போ எனக்குப் பதினாலு வயசு," என்றாள். "எங்கப்பாவோட தங்கச்சி, எங்க அத்தை, இடுப்புல பிள்ளையோட நடந்தே வந்து வாசல்ல நின்னாங்க. அப்பா கிழங்கு தோண்டப் போயிருந்தாரு. வீட்டுல நான் மட்டும்தான். பானையில ரெண்டு பிடி இருந்துச்சு. 'அப்பா இல்லை, இங்க ஒண்ணும் இல்லை, போங்க'ன்னு சொன்னேன். 'ராத்திரிக்கு மட்டும் இருந்துக்கறேண்டி கண்ணு'ன்னாங்க. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டேன். கொஞ்ச நேரம் பிள்ளை அழற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கலை. அதுக்கப்புறம் அவங்களை யாருமே பார்க்கலை."

அடுப்பில் கங்கு ஒன்று வெடித்தது. ஃபெங்லான் திரும்பவில்லை, ஆனால் முதுகு குலுங்கியது.

"உன்னை அடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நீ போட்டுக் கொடுத்தே, ஆனா இன்னிக்கு என்னை ஒளிச்சு வச்சு மேல ஏறி நின்னே. நான் தாழ்ப்பாள் போட்டவ."

ஃபெங்லான் வந்து அவளுக்குப் பக்கத்தில், தரையில், தோள் உரசும்படி உட்கார்ந்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த அத்தை பேரு என்ன?" என்று கேட்டாள்.

பதினான்கு வருஷமாக வாயில் வராத அந்தப் பெயரை யுன்பி சொன்னாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.